முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?

(வானொலியில் வழங்கிய அருளுரை)



விருத்தாசலத்தைச் சுற்றி வாழும் நமக்குச் சூளை புதிதல்ல. மங்கலம்பேட்டையிலிருந்து பேருந்தேறிப் பீங்கான் வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள் நம் பங்கிலும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு தம்பி அண்மையில் நம்மைத் தேடி வந்தார். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல, "வானொலியில் சொல்லுங்கள் சாமி, நாலு பேருக்கு உதவும்" என்று அவரே சொன்னது.)

இரவு முறையில் சூளையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒரு நாள் கண் அயர்ந்துவிட்டார். சூடு அளவு மீறி, சரக்கெல்லாம் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. முதலாளி வேலையை விட்டு நீக்கினார்.

பிறகு சென்னைப் பக்கம் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. "இதற்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்றார்கள். "எங்கும் இல்லை சார், வீட்டில்தான் இருந்தேன்." வேலை கிடைத்தது. மூன்றாம் வாரம் பி.எப். கணக்கைப் பார்த்தால், பழைய இடத்தில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் அதில் இருக்கின்றன. தூங்கியதை மன்னித்திருப்போம், மறைத்ததை மன்னிக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது மூன்றாவது இடத்திலிருந்து அழைப்பு. வீட்டில் தங்கையின் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. "என்ன சொல்லட்டும் சாமி?"

வேலை போனது என்ற ஒரே பேச்சுக்குள் எத்தனையோ கதைகள். நம் ஊராட்சிகளில் இருந்த மக்கள் நலப் பணியாளர்களை நினைத்துப் பாருங்கள். 1989இல் நியமிக்கப்பட்டவர்கள், 1991, 2001, 2011 என மூன்று முறை ஆட்சி மாறியபோது நீக்கப்பட்டார்கள். கடைசி முறை சுமார் 13,500 பேர். 2014 நவம்பர் முதல் தேதி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றபோது, நம் பக்கத்துப் பிள்ளைகளைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். இவர்கள் ஆண்டையும் காரணத்தையும் ஒரே வரியில் சொன்னால் போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் பலர் குற்றவாளிபோலத் தலைகுனிந்துதான் சொல்கிறார்கள்.

தம்பியின் கதை வேறு. தவறு அவருடையது.

லூக்கா நற்செய்தி 16ஆம் அதிகாரத்தில் ஒரு கண்காணிப்பாளர் வருகிறார். உடைமைகளைப் பாழாக்கினார் என்று தலைவர் கணக்குக் கேட்கிறார், வேலை போகிறது. பின்னர் அவர் கடன் சீட்டுகளைத் திருத்திய விதத்தை விளக்குவதற்குள் மறையுரையாளர்களாகிய நமக்கு வியர்த்துவிடும். அதை நாம் தம்பிக்குப் பரிந்துரைக்கவில்லை! ஆனால் அதற்கு முன் அவர் தன்னிடமே பேசிக்கொள்வதைக் கவனியுங்கள். மண் வெட்ட உடம்பில் வலுவில்லை, பிச்சை எடுக்க வெட்கம். பிறரிடம் எப்படி நடந்துகொண்டாலும், தன்னிடம் அவர் பொய் சொல்லவில்லை.

ஆகவே தம்பியிடம் முதலில் கேட்டோம்: "ஏன் தூங்கினாய்?" தயங்கினார். பகலில் கரும்பு வெட்டவும் போய்க்கொண்டிருந்தாராம். தங்கையின் கல்யாணச் செலவுக்கு. முதலாளிக்கு அது தெரியாது. இதுதான் சொல்ல வேண்டிய செய்தி. இரவு முறையில் தூங்கிவிட்டேன், சரக்கு வீணானது, நீக்கினார்கள். பகலிலும் வேலை பார்த்தது என் தவறு, இப்போது பார்ப்பதில்லை. அவ்வளவே. பழைய முதலாளியைக் குறை சொல்ல வேண்டாம். கேட்பவர் "நாளை நம்மையும் இப்படித்தானே பேசுவான்" என்று நினைப்பார். கல்யாணக் கதையை நீட்டி இரக்கம் தேடவும் வேண்டாம்.

"இரண்டாவது இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டுமா சாமி? மூன்று வாரம்தானே?"

சொல்ல வேண்டும் என்றோம். அதுதான் கடினம் என்பது நமக்கும் தெரியும். அதைச் சொன்னால் வேலை கிடைக்காமலே போகலாம். அப்படி ஆகாது என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முதலாளிமார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உண்மையைச் சொன்னவனை அந்த உண்மைக்காகவே திருப்பி அனுப்பினால், அடுத்து வருகிறவன் என்ன சொல்வான்?

தம்பி பங்கு இல்ல முற்றத்தில் நின்று நான்கைந்து முறை சொல்லிப் பார்த்தார். முதலில் குரல் கம்மியது. கடைசியில் அரை நிமிடத்தில் சொல்லி முடித்தார். கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையிடம் வேண்டிக்கொண்டு, திங்கட்கிழமை அதிகாலை உளுந்தூர்பேட்டை வழியாகப் புறப்பட்டார். இரண்டையும் சொல்லிவிட்டாராம். முடிவை இன்னும் அறிவிக்கவில்லை.