ரீசார்ஜ் கணக்கும் எழுதுவோம்



"உலகத்திலேயே நம்ம நாட்டுலதான் நெட் மலிவு" என்று சொல்கிறார்கள். ஒரு ஜிபி விலையைப் பார்த்தால், அமெரிக்கா, கனடாவை விட இங்கே பல மடங்கு குறைவு என்பது உண்மைதான். ஆனால் மலிவு வேறு, நமக்கு ஆகும் செலவு வேறு.

தினம் 2 ஜிபி பிளான் போடுறோம். கால் ஜிபிதான் செலவாகுது. மீதி ராத்திரி 12 மணியோடு போச்சு. தக்காளி மலிவு என்று கூடைக்கணக்கில் வாங்கி அழுக விடுவோமா?

28 நாள் பிளானை மாதக் கணக்கு என்று நினைக்கிறோம். வருடத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை! 300 ரூபாய் பிளான் என்றால் ஒரு போனுக்கு 3,900 ரூபாய். வாரம் 50 ரூபாய் குழுவில் சேமித்தால் வருடத்துக்கு 2,600 ரூபாய்தான். யோசிச்சுப் பாருங்க.

பேச மட்டும் போன் வைத்திருக்கும் மாமியாருக்கு நெட் எதற்கு? 2024 டிசம்பரில் டிராய் அமைப்பு உத்தரவு போட்டது. அதன்படி நெட் இல்லாத பிளானும் 2025 முதல் கிடைக்கிறது. கடையில் தைரியமாகக் கேளுங்க. விலையை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, சேமிப்பு பாஸ்புக்கோடு வீட்டு ரீசார்ஜ் கணக்கையும் எழுதிக்கொண்டு வாங்க. சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.