பிரேரணையும் கூட்டறிக்கையும்

தெல்லிப்பழையில் ஒரு சனசமூக நிலையம் இருப்பதாகக் கொள்க. ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு இருபது அங்கத்தவர்கள் சமுகமளித்திருக்கிறார்கள். நிலையத்தின் கிழக்கெல்லையை அடுத்த இரண்டு பரப்புக் காணியை அயலவர் ஒருவர் நன்கொடையாகத் தர முன்வந்துள்ளார். ஆனால், அக்காணியிலுள்ள கிணற்றில் தம் குடும்பத்தார் தொடர்ந்து நீரள்ள இடமிருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ஒரு மணி நேரம் வாதம் நடக்கிறது. பின்பு பலர் தலையசைக்கிறார்கள், தேநீர் வருகிறது. அன்றிரவு காரியதரிசி கூட்டறிக்கைப் புத்தகத்தில், "காணி விடயம் ஆராயப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஒரே வரியில் எழுதி முடிக்கிறார்.

ஏற்றுக்கொள்ளப்பட்டது எது? காணியா, நிபந்தனையா, இரண்டுமா? பத்தாண்டு கழித்துக் கிணற்றடியில் பிணக்கு எழுமாயின் அந்த ஒரு வரி எவருக்கும் உதவாது. அன்று தலையசைத்தவர்களுள் சிலர் உயிரோடு இரார். இருப்பவர்களின் ஞாபகமோ அவரவர் விருப்பத்தின் வழியே செல்லும்.

அதே வரியை வேறு விதமாகவும் எழுதியிருக்கலாம். "கிழக்கெல்லையை அடுத்த இரண்டு பரப்புக் காணியை, நன்கொடையாளர் குடும்பத்தார் அதன் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்கு அமைய ஏற்பதென்றும், உறுதி முடிக்க அக்கிராசனருக்கும் காரியதரிசிக்கும் அதிகாரம் அளிப்பதென்றும் இன்னார் பிரேரிக்க, இன்னார் ஆமோதிக்க, 17 பேர் சார்பாகவும் 3 பேர் எதிராகவும் வாக்களிக்க, நிறைவேறியது." இவ்வளவுதான். ஒரு மணி நேர வாதத்தில் யார் குரலை உயர்த்தினார், யார் எழுந்து வெளியே போனார் என்பன வேண்டியதில்லை. கூட்டத்தில் செய்யப்பட்டதற்கே கூட்டறிக்கை; சொல்லப்பட்டதற்கு அன்று. மூவர் எதிர்த்திருக்க "ஏகமனதாக" என்று எழுதுவது மரியாதையுமன்று, உண்மையுமன்று. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணி கைமாற நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதப்படவேண்டும். ஆகவே கூட்டறிக்கை காணியைக் கைமாற்றாது. சங்கத்தின் பேரில் கையெழுத்திட யாருக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது என்பதை மட்டுமே அது காட்டும்.

பிரேரணை வேறு, தீர்மானம் வேறு. சபையின் முன் வைக்கப்படுவது பிரேரணை. வாக்கெடுப்பில் வென்ற பின்னரே அது தீர்மானம். ஆமோதிப்பவர் அதற்கு உடன்பட்டவர் என்று கொள்ளவும் கூடாது. இவ்விடயம் சபையில் பேசத்தக்கது என்று மட்டுமே அவர் சொல்கிறார். திருத்தம் வந்தால் முதலில் திருத்தத்துக்கு வாக்கு, பின்பு திருந்திய பிரேரணைக்கு வாக்கு. இவ்வொழுங்கு பிறழ்ந்தால், எந்தச் சொற்களுக்குச் சபை கையுயர்த்தியது என்பது காரியதரிசிக்கே விளங்காமற் போகும்.

சொற்கள் நிலைத்திருப்பதன் பயனுக்கு யாழ்ப்பாணத்தின் சரித்திரமே சான்று. 1931ஆம் ஆண்டு ஏப்பிரிலில், கமலாதேவி சட்டோபாத்யாய தலைமை வகித்த மாநாட்டில், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. சுயராச்சியம் மக்களினத்தின் பிரிக்கவொண்ணாத பிறப்புரிமை என்றும், டொனமூர் அரசியற் றிட்டம் அதற்குத் தடையாக நிற்பதால் அதனைப் பகிஷ்கரிப்பதென்றும் அது கூறிற்று. அவ்வாண்டு மே 4ஆந் திகதி வேட்புமனுத் தினத்தன்று யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகியவற்றோடு, தெல்லிப்பழைக்கு அயலிலுள்ள காங்கேசன்துறையின் பெயர் தாங்கிய தொகுதிக்கும் எவரும் மனுத் தாக்கல் செய்யவில்லை. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கிட்டாமையே பகிஷ்காரத்துக்குக் காரணம் எனப் பின்னாளிற் சொன்னோர் உளர். அதில் இறங்கிய ஒவ்வொருவர் மனத்திலும் என்ன இருந்தது என்பதை எவரும் அளந்து கூறுதல் இயலாது. ஆயினும் மாநாடு எதற்கு வாக்களித்தது என்பதற்குத் தீர்மானத்தின் வாசகம் விடை தருகிறது. "பகிஷ்காரம் பற்றி ஆராயப்பட்டது" என்று மட்டும் எவரேனும் எழுதி வைத்திருந்தால் அவ்விடை எங்கே கிடைக்கும்?

தெல்லிப்பழையார்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசல்களை விட்டு அகன்றார்கள்; காணிகள் பின்பு கட்டங்கட்டமாகவே திரும்பக் கிடைத்தன. திரும்பி வந்த இடத்தில் சுவரும் இல்லை, வேலியும் இல்லையானால், எல்லையையும் பொது உடைமையையும் நிறுவுவதற்குப் பழைய ஏடு ஒன்று பெருந்துணையாகும். ஆதலின் கூட்டறிக்கையின் ஒரு பிரதியைக் காரியதரிசி வீட்டிலன்றி வேறோரிடத்திலும் வைப்பது விவேகம்.

அடுத்த கூட்டத்தில் முன்னைய அறிக்கை வாசிக்கப்படும்போது பலரும் தவறுமிடம் ஒன்றுண்டு. அறிக்கையை உறுதிப்படுத்துவது, நடந்தது சரியாக எழுதப்பட்டுள்ளது என்று ஒப்புக்கொள்வதே. எதிர்த்து வாக்களித்த மூவரும் தயக்கமின்றி அதற்குக் கையுயர்த்தலாம். தீர்மானம் பிடிக்காதவர் அறிக்கையைத் திருத்தி அதனை மாற்ற முயலக்கூடாது. பிழையிருந்தால் பழைய எழுத்துத் தெரியும்படி ஒற்றைக் கோடு கீறி, திருத்தத்தை மேலே எழுதி, அக்கிராசனர் ஓரத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும். தாளைக் கிழிப்பதும் வெண்மை பூசி மறைப்பதும் புத்தகம் முழுவதன்மேலும் ஐயத்தைக் கிளப்பும்.

தனாதிகாரியின் கணக்கிலும் அவ்வாறே. மாதக் கணக்கை வாசித்தால் "சமர்ப்பிக்கப்பட்டது" என்று எழுதினாற் போதும். கணக்காய்வாளரின் அறிக்கை வந்தபின் அதைச் சபை அங்கீகரிக்கலாம். ஆய்வுக்கு முன்னரே "அங்கீகரிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டால், பின்பு குறை காணும் அங்கத்தவரிடம், "அன்று நீரும் இருந்தீரே" என்பார்கள்.

இவற்றுக்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வாக்கெடுப்புக்கு முன் காரியதரிசி எழுந்து, "பிரேரணை இவ்வாறு எழுதப்பட்டுள்ளது" என்று ஒரு முறை உரக்க வாசித்தாற் போதும். தேநீர் அதற்குள் ஆறிவிடாது.