அயல்மொழியில் தேடுகிறோம், தாய்மொழியில் தேடினோமா?

(தமிழ்மன்றத் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அங்கேரி நாட்டு ஆய்வாளர் தமாசு வாராதி என்பார் 1973-இல் எழுதிய ஆய்வுரை ஒன்றில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆங்கிலம் கற்கும் ஒருவருக்குப் 'பலூன்' என்னும் சொல் தெரியவில்லை. அதனால் அவர் வாய்மூடி நின்றாரா? இல்லை. காற்றுக்கும் பந்துக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை இணைத்து 'ஏர் பால்' என்றார். அஃதாவது, காற்றுப்பந்து! அப்பொருளில் ஆங்கிலர் வழங்காத சொல் அது. ஆயினும் கேட்டவர்க்குப் பொருள் விளங்கிவிடும்.

அயல்மொழி பேசுவார் ஒவ்வொருவர்க்கும் இத்தகைய வெற்றிடம் நேரும். கருத்து நெஞ்சில் நிற்கும். சொல் நாவில் வாராது. அவ்விடத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதை எலைன் தரோன் என்னும் அமெரிக்க மொழியறிஞர் ஆராய்ந்தார். துருக்கியம், இசுப்பானியம், சீனம் ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஆங்கிலம் பேசுவதைக் கூர்ந்து நோக்கி, 1977-இல் ஐந்து வழிகளை வகுத்துரைத்தார்.

ஒன்று, அப்பொருளைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடுதல். இரண்டு, வேறு வகையாற் கூறுதல். அணுக்கமான சொல்லை ஆளுதலும், புதுச்சொல் புனைதலும், பொருளின் தன்மையை விரித்துரைத்தலும் இதன்பாற்படும். பட்டுப்புழுவைப் 'புழு' என்பது முதல்வகை. காற்றுப்பந்து இரண்டாம் வகை. மூன்று, தாய்மொழித் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தோ, தாய்மொழிச் சொல்லை அப்படியே இட்டோ பேசுதல். நான்கு, அறிந்தாரை வினவுதல். ஐந்து, நடித்துக் காட்டுதல். கைதட்டலுக்குச் சொல் தெரியாதவர் கைகளைத் தட்டிக் காட்டுவார்.

இதனைக் குறையென்று எள்ளுதல் தவறு. கனடா நாட்டு அறிஞர்களான கனாலும் சுவெயினும் 1980-இல் மொழித்திறனைப் பகுத்துக் கூறியபோது, இவ்வாறு இடர்ப்பாட்டைக் கடக்கும் ஆற்றலையும் அதன் ஓர் உறுப்பாகவே வைத்தனர்.

தோழர்களே, இவ்வாற்றலில் நம்மவர் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஒருமுறை எங்கள் இல்லத்திற்கு அயல்நாட்டு விருந்தினர் ஒருவர் வந்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த முறத்தைக் காட்டி, "இஃது என்ன?" என்று ஆங்கிலத்தில் வினவினார். என் உறவினர் மகன், கல்லூரி மாணவன், முன்வந்தான். முறத்திற்கு ஆங்கிலச் சொல் அவனுக்குத் தெரியாது. ஆயினும் அவன் தயங்கவில்லை. மூங்கிலால் முடைந்தது என்றான். அரிசியிலுள்ள உமியையும் தூசியையும் நீக்குவது என்றான். இரு கைகளாலும் புடைத்தும் காட்டினான். விருந்தினர் புரிந்து மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன்.

சற்று நேரத்தில் உண்ண அமர்ந்தோம். அதே இளைஞன் தன் பாட்டியைப் பார்த்து, "பாட்டி, ரைசு போதும், வாட்டர் கொடு" என்றான். என் மகிழ்ச்சி அக்கணமே மறைந்தது.

எண்ணிப் பாருங்கள்! முறத்திற்கு ஆங்கிலச் சொல் தெரியாதபோது அத்துணை முயன்ற நா, சோற்றுக்கும் நீருக்கும் தமிழ்ச்சொல் நன்கு தெரிந்திருந்தும் ஏன் முயலவில்லை? அங்கே இருந்தது உண்மையான வெற்றிடம். இங்கே வெற்றிடமே இல்லை. இல்லாத பள்ளத்தை நாமே தோண்டி, அதனை அயற்சொல்லால் நிரப்புகிறோம்.

இதற்குக் கரணியம் யாது? ஆங்கிலர் முன் தமிழ்ச்சொல்லை இட்டால் அவர்க்கு விளங்காது. ஆகவே நாம் தேடியே ஆகவேண்டும். தமிழர் முன் ஆங்கிலச் சொல்லை இட்டாலோ, கேட்பவர் பொறுத்துக்கொள்கிறார். அந்தப் பாட்டியும் மறுசொல் கூறாமல் நீரைத்தான் கொடுத்தார். ஆகவே, பேசுபவர் சோம்பலுக்குக் கேட்பவர் பொறுமையும் துணைபோகிறது. இன்று சோற்றையும் நீரையும் பெயர்த்த நா, நாளை உறவையும் உணர்வையும் பெயர்க்கும். வழங்காத சொல் மறக்கப்படும். மறந்தபின் அங்கே மெய்யாகவே வெற்றிடம் தோன்றும். பிறகு, "தமிழில் சொல் இல்லை" என்று தமிழன் மேலேயே பழி வரும்!

சொல் உண்மையாகவே இல்லாத இடங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆங்கே காற்றுப்பந்து புனைந்தவரின் துணிவு நமக்கு வேண்டும். மிதித்து ஓட்டும் வண்டியை மிதிவண்டி என்றதும், கணிக்கும் கருவியைக் கணினி என்றதும் அதே துணிவன்றோ? அயல்மொழியில் தட்டுத்தடுமாறுபவர் இரு சொற்களை இணைத்துச் சொல் ஆக்குகிறார். வேரும் வளமும் உடைய தாய்மொழியில் நம்மால் ஆகாதா?

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் (1822–1884) நினைவிற்கு வருகிறார். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் பணியாற்றிய அவர்க்குத் தமிழ் அயல்மொழி. மேலை மருத்துவக் கருத்துகள் பலவற்றிற்கு அன்று தமிழில் சொல் இல்லை. அவர் தமிழைக் கைவிட்டாரா? தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, நம்மவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். அயலார் ஒருவர் நம் மொழிக்காகத் தேடினார். நாமோ நம் மொழியில் தேட நாணுகிறோம்!

ஆங்கிலம் கற்காதீர் என்று நான் கூறவில்லை. நன்றாகக் கற்க, தடுமாறினும் துணிந்து பேசுக. அங்கே கற்ற முயற்சியைத் தாய்மொழிக்கும் கொணர்க என்பதே என் வேண்டுகோள். தமிழ்ச்சொல் நாவிற்கு வாராதபோது ஒருகணம் நில்லுங்கள். அணுக்கமான சொல்லைத் தேடுங்கள், தன்மையை விரித்துரையுங்கள், பெரியோரை வினவுங்கள், அகரமுதலியைப் புரட்டுங்கள், இன்றேல் சொல்லைப் புனையுங்கள். கேட்பவராயின், கடிந்துரையாமல், "அதற்குத் தமிழில் என்ன?" என்று அன்போடு வினவுங்கள். இன்றிரவு உங்கள் வீட்டு உணவு வேளையிலேயே இதனைத் தொடங்குங்கள்.

ஒருகணத் தேடலே ஒரு சொல்லைக் காக்கும். சொல்லைக் காத்தால் மொழி வாழும். மொழி வாழ்ந்தால் இனம் வாழும்.

வாழ்க தமிழ்!