அத்தையின் கடைசி இரண்டு மாதம்



எங்க அத்தைக்கு வாய்ப் புற்றுநோய். "இனி வைத்தியம் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு ஒரு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ராத்திரியெல்லாம் வலியில துடிப்பாங்க. வீட்டுல யாருக்கும் தூக்கம் இல்ல.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை பார்க்கும் நம்ம குழு அக்காதான், அரசு ஆஸ்பத்திரியில் வலி நிவாரண சிகிச்சை இருக்குன்னு சொன்னாங்க. அங்கே மார்ஃபின் மாத்திரை கொடுத்தாங்க. புண்ணைச் சுத்தம் செய்ய எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. பிறகு நர்சம்மா வீட்டுக்கே வந்தாங்க. "நீ சாப்பிட்டியாம்மா?"ன்னு என்னையும் கேட்டாங்க. அழுதுட்டேன்.

கடைசி இரண்டு மாதம் அத்தை நிம்மதியாகத் தூங்கினாங்க. பேரனை மடியில வெச்சுக்கிட்டாங்க. நோயைக் குணமாக்க முடியாட்டியும் வலியைக் குறைக்கலாம்னு அப்பத்தான் தெரிஞ்சது.

உங்க தெருவில் யாராவது இப்படிப் படுத்திருந்தா, அந்த வீட்டுக்கு இதைச் சொல்லுங்க.