கிருமி ஒன்றே, காலம் வேறு

 

1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தனர். மருந்து உட்கொள்ளாவிடில் இக்கிருமி எய்ட்ஸாக முற்றுவதற்குச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் ஆகும். ஆயினும், சிலர் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே நலிகின்றனர். சிலர் பதினைந்து ஆண்டுகளும் நலமுடன் இருக்கின்றனர். இதனைக் கொண்டு ஒருவருடைய ஒழுக்கத்தை எடைபோடலாகாது.

தொற்றிய சில மாதங்களில் இரத்தத்தில் நிலைபெறும் கிருமியின் அளவு மிகுந்திருந்தால் நோய் விரையும். கைக்குழந்தைகளிடமும் முதியோரிடமும் விரைந்து முற்றும். பெற்றோர்வழி வந்த சில மரபணுக்கள் சிலருக்குக் காப்பாக அமைகின்றன. நம் நாட்டில் பெருங்கேடு காசநோய். எச்.ஐ.வி. அதனைத் தூண்டுகிறது, அதுவோ கிருமியைப் பெருக்குகிறது.

ஆகவே, வெளித்தோற்றம் நன்றாயிருக்கிறதென்று எவரும் வாளாவிருத்தல் கூடாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே உண்மையை உரைக்கும். நம்மூரிலிருந்து ரயிலேறிச் சென்றடையத்தக்க தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையில் 2004 முதல் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படுகிறது. எதிர்ப்பணுக்கள் குறையும்வரை காத்திராது, தொற்று உறுதியானவுடனே மருந்தைத் தொடங்குவதே 2017 முதல் அரசின் நெறி. நாள்தோறும் தவறாது உட்கொள்பவரிடம் கிருமி அடங்கிவிடும்.

நோயாளியை நலம் விசாரிப்பது நம் மார்க்கம் கற்பித்த கடமை. பழிச்சொல்லுக்கு அஞ்சி ஒருவர் மறைத்து வாழ்வாராயின், அவர் இழக்கும் காலத்திற்கு நாமும் பொறுப்பாவோம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தையும் இரக்க சிந்தையையும் தந்தருள்வானாக. ஆமீன்.