வீடில்லாத பிள்ளை யார் கணக்கில்?



பணக்கார தேசமாகிய அமெரிக்காவில் 2024 ஜனவரியில் ஓரிரவு சர்க்கார் எண்ணியதில் வீடில்லாதவர்கள் 7,71,480 பேர். அவர்களில் பிள்ளைகுட்டியோடு வீடிழந்த குடும்பத்தார், முந்திய வருஷத்தைவிட நூற்றுக்கு 39 அதிகம். ஆனால், பத்திரிகைகளில் வரும் படம் எது? நடைபாதையில் கூடாரம் போட்ட ஒற்றை ஆள்! குடிகாரன், பைத்தியக்காரன் என்று அதன் கீழே இரண்டு வரி. நம்மூரில் தலைவிதி என்கிறார்கள். அங்கே நடத்தை என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தாய் வீதியில் படுப்பாளா? பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களே என்று பயந்து மோட்டார் காரிலும், மலிவான விடுதியிலும், சொந்தக்காரர் வீட்டுக் கூடத்திலும் ஒண்டுகிறாள். படம் எடுக்கிறவன் அங்கே போவதில்லை.

சர்க்காரின் யோக்கியதை என்ன? சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியவர்களை வீட்டுவசதி இலாகா அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கல்வி இலாகா சேர்க்கிறது; அது 2022-23இல் கண்ட வீடற்ற பிள்ளைகள் 13 லட்சத்துக்கு மேல்! ஒரே பிள்ளை, பள்ளிக்கூடத்தில் வீடற்றது, வீட்டு இலாகாவில் வீடுள்ளது!

இதற்கிடையில் 2024 ஜூனில், பொது இடத்தில் படுத்தால் அபராதம் போடுவது செல்லுமென்று சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுகள் ஒன்பது பேரில் ஆறு பேர் தீர்ப்பளித்தார்கள். அபராதம் கட்டப் பணமிருந்தால், அதை அவள் வாடகைக்கே கொடுத்திருக்க மாட்டாளா?