யார் அந்த ‘யாராவது’?



“இதை யாராவது கவனிக்கத்தான் வேண்டும்.” வீட்டிலும் அலுவலகத்திலும் ஆசிரியர் கூட்டத்திலும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. குறை எல்லோருக்கும் தெரிகிறது. அதைத் தீர்க்க வேண்டிய அந்த ‘யாராவது’ மட்டும் வருவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பழந்தமிழ் நூல்கள் பலவற்றுக்கும் இக்கதியே நேர்ந்தது. ஏட்டுச் சுவடிகள் செல்லரித்துக் கிடந்தன. தொட்டால் ஒடிந்தன. அவற்றை அச்சேற்ற வேண்டுமென்பதை அறிஞர்கள் அறியாதவர்களல்லர். ஆயினும் பாடபேதம் மலிந்த சுவடியைப் பதிப்பித்தாற் பிழை நேரும். பிழை நேர்ந்தாற் பெயர் கெடும். ஆகவே பலர் தயங்கினர்.

அவ்வேளையில் முன்வந்தவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901). தமிழகத்தில் இருந்துகொண்டு வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) முதலானவற்றைப் பதிப்பித்தார். பெரும் பட்டங்களைச் சுமப்பவர் அஞ்சலாம். தாம் இன்னும் தமிழ் கற்கும் மாணவரே என்பதால் துணிந்து இறங்கலாம் என்பது அவர் பதிப்புரையிற் காட்டும் நியாயம்.

அவர் பதிப்பிலும் பிழை நேர்ந்தது. பொருளதிகாரத்தில் பேராசிரியர் உரைப் பகுதியையும் நச்சினார்க்கினியர் உரையென்றே அச்சிட்டுவிட்டார். பின்வந்தோர் அதனை எடுத்துக்காட்டினர். ஆனால், திருத்துவதற்கும் முதலில் ஒரு பதிப்பு வேண்டுமன்றோ?

இதனை வகுப்பிற் பலமுறை கற்பித்தவன் நான். எங்கள் கல்லூரி நூலகத்தில் ஓர் அலுமாரி உண்டு. பழைய கல்லூரி மலர்களும் ஈழத்துச் சஞ்சிகைகளும் அதிலிருந்தன. கறையான் பிடித்திருப்பது எனக்குத் தெரியும். நூலகர் இல்லை, நிதி இல்லை என்று கூட்டந்தோறும் நானே பேசியிருக்கிறேன். ஒரு மாரிகாலம் கழிந்து திறந்தபோது கீழ்த்தட்டு முழுவதும் மண்ணாகியிருந்தது.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதை இன்றும் சொல்லி வருந்துகிறோம்; வருந்தவேண்டியதே. ஆனால் அந்தக் கீழ்த்தட்டுக்கு யாரைக் குற்றஞ்சாட்டுவது? அலுமாரித் திறப்பு என் மேசை லாச்சியிலேயே கிடந்தது.

அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் உயர்தர வகுப்பு மாணவர் நால்வரும் நானுமாக எஞ்சியவற்றைத் தூசு தட்டி, நிழலில் உலர்த்தி, பட்டியல் எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வருகிறோம். நூலகவியல் எங்களுக்குத் தெரியாது. பட்டியலிற் பிழை இருக்கத்தான் செய்யும். தெரிந்தவர் வந்து திருத்தட்டும். திருத்துவதற்கு இப்போது ஒரு பட்டியலாவது இருக்கிறது.

நேயர்களே, உங்கள் மேசை லாச்சியிலும் ஏதோவொரு திறப்புக் கிடக்கலாம். மாரி வருமுன் தேடிப் பாருங்கள்.